ஆவாரம்பூ: பறிப்பது, காய்ச்சுவது, எங்கே நிறுத்துவது

செம்மண் கொல்லை வரப்பு, ஏரிக்கரை, கானாற்று ஓரம், ஏலகிரி அடிவாரம், கணியம்பாடியிலிருந்து அமிர்தி போகிற வழி என்று வேலூர்ப் பக்கம் எங்கே திரும்பினாலும் ஆவாரஞ்செடி நிற்கும். யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லை, ஆடு மாடும் அதிகம் வாய் வைப்பதில்லை. மழை பெய்து ஓய்ந்தால் மஞ்சளாகக் கொட்டும். பொங்கல் வரைக்கும் பூவுக்குப் பஞ்சமில்லை.

“ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ” என்ற பழமொழியை இப்போது பொடி டப்பாவின் மேலேயே அச்சடித்து விற்கிறார்கள். பழமொழியில் அளவு கிடையாது. எந்தச் செடி, எந்தப் பாகம், எத்தனை கிராம், எந்த மாத்திரை சாப்பிடுகிறவர் தொடக்கூடாது என்பதெல்லாம் அதில் இல்லை. ஆவாரம்பூவால் கெடுதல் வந்தால் பெரும்பாலும் பூவின் குணத்தால் வருவதில்லை. செடி மாறிப்போவது, பறித்த இடம் சரியில்லாதது, சர்க்கரை மாத்திரையோடு மோதுவது, இந்த மூன்றில்தான் கோளாறு.

செடியை அடையாளம் காண்பது

ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் முன்னே பின்னே வளரும் புதர் இது. தாவரவியலில் சென்னா ஆரிக்குலேட்டா. பழைய புத்தகங்களில் காசியா ஆரிக்குலேட்டா என்று இருக்கும், இரண்டும் ஒன்றுதான். ஆரிக்குலேட்டா என்றால் காது உள்ளது. இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில் காது மடல் மாதிரி அகலமான ஒரு பச்சைச் செதில் ஒட்டிக்கொண்டிருக்கும். இலை முற்றினாலும் உதிராது. முதலில் பார்க்க வேண்டியது இந்தக் காதைத்தான்.

அடுத்து, ஓர் இலையைப் பறித்து நடு ஈர்க்கை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். எட்டு முதல் பன்னிரண்டு ஜோடி சிற்றிலைகள், நுனி மழுங்கி, நடுவில் ஊசிமுனை போல ஒரு சின்ன முள் நீட்டம். ஒவ்வொரு ஜோடிக்கும் நடுவே ஈர்க்கின் மேல் குண்டூசி போல ஒரு சுரப்பி நிமிர்ந்து நிற்கும். பூவில் ஐந்து இதழ், ஓரம் சுருங்கிச் சுருங்கி நரம்போடியிருக்கும். காய் தட்டையாக, காய்ந்தால் காகிதம் போலச் சலசலக்கும்.

இனி மாற்றுச் செடிகள். முக்கியமானது பேயாவாரை, சில ஊரில் பொன்னாவாரை என்பார்கள். குப்பைமேட்டிலும் சாலையோரத்திலும் இடுப்பளவு வளரும். இதற்கு நாலு முதல் ஆறு ஜோடி சிற்றிலைதான், நுனி கூராக இருக்கும். சுரப்பி ஒன்றே ஒன்று, அதுவும் காம்பின் அடியில். இலையைக் கசக்கினால் குமட்டும் நாற்றம். காய் ஒல்லியாக மேல்நோக்கி லேசாக வளைந்திருக்கும். இந்தக் காயின் விதை குழந்தைகளுக்கு உயிர் போகும் விஷம். மேற்கு உத்தரப் பிரதேசத்தில் வருஷா வருஷம் குழந்தைகள் வாந்தி எடுத்து, நினைவு தப்பி, சில நாளில் இறந்துகொண்டிருந்தார்கள். மூளைக்காய்ச்சல் என்றே பல காலம் கருதப்பட்டது. பேயாவாரை விதையைத் தின்றதுதான் காரணமாக இருக்கும் என்று 2007-ல் காட்டிய குழுவில், வேலூர் சி.எம்.சி.யில் வைரஸ் ஆய்வுத் துறையில் நெடுங்காலம் இருந்த டாக்டர் டி. ஜேக்கப் ஜானும் ஒருவர். 2016-ல் ஒடிசாவின் மல்கங்கிரியில் குழந்தைகள் கொத்தாக இறந்தபோதும் இதே செடியைத்தான் காட்டினார்கள். ஈரலையும் தசையையும் மூளையையும் ஒரே நேரத்தில் தாக்குகிறது. ஆகவே பூப் பறிக்கக் குழந்தைகளைத் தனியே அனுப்ப வேண்டாம். வீட்டைச் சுற்றிப் பேயாவாரை இருந்தால் காய் பிடிப்பதற்கு முன்னாலேயே வேரோடு பிடுங்கிவிடுங்கள்.

அடுத்தது மஞ்சள் அரளி. பூ புனல் மாதிரி இருக்கும். ஒடித்தால் பால் வடியும். ஆவாரையில் பால் வராது. பால் வந்தால் கையைக் கழுவிவிட்டு நகர்ந்துவிடுங்கள், அரளி இதயத்தை நிறுத்தக்கூடியது. தகரைக்கு மூன்றே ஜோடி சிற்றிலை. சாலையோர மஞ்சள் கொன்றை மரம், கிளையில் பூங்கொத்தைப் பார்த்தால் ஆவாரை போலவே தெரியும். வாங்குகிற உலர்பூவில் இது கலந்து வருவதுண்டு.

நாட்டு மருந்துக் கடையில் வேறொரு குழப்பம் இருக்கிறது. நிலாவாரை என்று ஒன்று உண்டு, நிலவாகை என்றும் சொல்வார்கள். திருநெல்வேலிச் சீமையில் பயிராவது, மலமிளக்கி. “ஆவாரை இலை” என்று கேட்டால் அவசரத்தில் இதைக் கட்டிக் கொடுத்துவிடுவார்கள். ஒரு கைப்பிடி போட்டுக் காய்ச்சினால் ராத்திரி முழுக்க வயிற்றைப் பிடுங்கும். கடையில் கேட்கும்போது “ஆவாரம்பூ, உலர்ந்தது” என்று பூவின் பெயரையே சொல்லிக் கேளுங்கள். பொடியாக வாங்கவே வேண்டாம். பொடியில் என்ன இருக்கிறது என்று கண்ணால் கண்டுபிடிக்க வழியில்லை.

எங்கே பறிக்கக் கூடாது

நம் பக்கத்தில் இதைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். ராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு பக்கம் தோல் கழிவுநீர் பாய்ந்த கால்வாய் ஓரத்திலும் கழிவு மண் கொட்டிய இடத்திலும் ஆவாரை நன்றாகவே வளரும். செடி பச்சையாக இருப்பதால் மண் சுத்தம் என்று ஆகிவிடாது. குரோமியமும் உப்பும் கிடக்கிற மண் அது. சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை ஓரப் பூவில் புகையும் தூசியும். நிலக்கடலைக் கொல்லைக்கு மருந்தடித்த வாரத்தில் வரப்புப் பூவையும் தொடாதீர்கள். காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் பறிக்க முடியாது. மேட்டு நிலம், பழைய தரிசு, மலையடிவாரத்துப் பட்டா நிலம், இவைதான் நல்ல இடம். தேவை அதிகம் இருந்தால் விதை போட்டு வேலியோரம் வளர்த்துக்கொள்ளலாம். விதைத் தோல் கெட்டி. கொதித்து இறக்கிய நீரில் போட்டு ஓர் இரவு ஊறவைத்து விதைத்தால் நன்றாக முளைக்கும்.

ஒரு வித்தியாசம் கவனிக்கலாம். குரோமியம் வருவதற்கு முன்னால் இதே ஊர்களின் தோல் ஷாப்புகளில் தோலைப் பதனிட்டது ஆவாரம்பட்டைதான். பட்டையில் துவர்ப்புச் சத்தான டானின் ஏராளம். அது தோலின் புரதத்தைப் பிடித்து இறுக்குகிறது. பட்டைக் கஷாயம் வாயில் பட்டதும் நாக்கு இழுத்துப் பிடிப்பதும் அதே வேலைதான். பூவிலும் கொஞ்சம் டானின் உண்டு. கீழே சொல்லும் கொதி நேரமும் பாத்திரமும் அதனால்தான்.

பறித்து உலர்த்துவது

பனி காய்ந்த பிறகு, வெயில் ஏறுவதற்குள் பறியுங்கள். ஈரத்தோடு பறித்தால் பூஞ்சை பிடிக்கும், உச்சி வெயிலில் பறித்தால் இதழ் துவண்டு நசுங்கும். அன்று விரிந்த பூவும் பாதி விரிந்த மொட்டும் போதும். ஒரு செடியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள், வண்டுக்கும் விதைக்கும் மிச்சம் வேண்டும். பாலித்தீன் கவரில் அடைத்தால் வீடு வருவதற்குள் வெந்து கருத்துவிடும். துணிப்பையோ கூடையோ எடுத்துப் போங்கள்.

வெள்ளைத் துணியில் கொட்டிக் கால் மணி நேரம் விட்டால் எறும்பும் பூச்சியும் தானே வெளியேறும். பிறகு காம்பையும் பச்சைப் புல்லிவட்டத்தையும் கிள்ளி எடுங்கள். கசப்பு அதில்தான் அதிகம். கூட்டு, பொரியலுக்கு என்றால் உள்ளே வளைந்து நிற்கும் மகரந்தக் காம்புகளையும் எடுத்துவிட வேண்டும். தேநீருக்கு அது தேவையில்லை.

இரண்டு முறை அலசி, நீரை வடித்து, நிழலில் காற்றோட்டமான இடத்தில் பருத்தித் துணி மேல் ஒரே அடுக்காகப் பரப்புங்கள். காலையும் மாலையும் புரட்டிவிடுங்கள். நாலைந்து நாள் ஆகும், மார்கழிப் பனியில் ஒரு வாரம்கூட ஆகலாம். வெயிலில் காயவைத்தால் ஒரே நாளில் காயும், நிறமும் மணமும் போய்விடும். கையில் எடுத்து நசுக்கினால் அப்பளம் போல நொறுங்க வேண்டும். வளைந்து கொடுத்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. ஒரு கிலோ பச்சைப் பூ கால் கிலோவுக்கும் கீழே இறங்கிவிடும். கண்ணாடி பாட்டிலில் போட்டு, மூடியில் தேதி எழுதி, ஆறு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள். முதல் வாரம் பாட்டிலைத் தினம் பாருங்கள். உள்பக்கம் ஆவி படிந்தால் கொட்டி மறுபடி உலர்த்துங்கள். கருப்புப் புள்ளியோ ஊறின சாக்கு வாசனையோ வந்தால் மொத்தத்தையும் எறிய வேண்டும். பூஞ்சை நச்சு கொதிக்கவைத்தாலும் முழுதாகப் போகாது.

தேநீர்

ஒரு கப்புக்கு 250 மில்லி தண்ணீர், உலர்ந்த பூ ஒரு மேசைக்கரண்டி, எடையில் ஏறக்குறைய 2 கிராம். பச்சைப் பூ என்றால் எட்டு அல்லது பத்து. தண்ணீர் கொதித்ததும் பூவைப் போட்டு, தீயைக் குறைத்து, மூன்று நிமிடம். இறக்கி மூடி இரண்டு நிமிடம் வைத்து வடிகட்டுங்கள். தெளிந்த பொன் மஞ்சளாக இருந்தால் சரி. பழுப்பாக மாறினால் அதிகம் கொதித்துவிட்டது என்று அர்த்தம். டானின் இறங்கித் துவர்க்கும், சிலருக்கு மலம் இறுகும். சுவைக்கு இரண்டு மிளகோ கொஞ்சம் இஞ்சியோ சேர்க்கலாம். பனங்கற்கண்டோ நாட்டுச் சர்க்கரையோ போட்டால் அது சர்க்கரை நோயாளிக்கான பானம் இல்லை. பனங்கற்கண்டும் சர்க்கரைதான்.

எவர்சில்வர், மண்சட்டி, கண்ணாடி எதுவும் ஆகும். இரும்புச் சட்டி ஆகாது. டானினும் இரும்பும் சேர்ந்தால் மை. நம்பாவிட்டால் துருப்பிடித்த ஆணி ஒன்றை அரை டம்ளர் கஷாயத்தில் போட்டு வையுங்கள், கொஞ்ச நேரத்தில் கருத்துவிடும். வயிற்றுக்குள்ளும் இதேதான் நடக்கிறது. இரும்புச்சத்து மாத்திரையோடு சேர்த்துக் குடித்தால் மாத்திரையின் இரும்பை டானின் பிடித்துக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவே குறைந்தது இரண்டு மணி நேரம் விடுங்கள். சாப்பாட்டோடும் குடிக்காமல் இருப்பது நல்லது.

நாளைக்கு ஒரு கப், வாரத்தில் நாலைந்து நாள், ஒரு மாதம் குடித்தால் ஒரு மாதம் இடைவெளி. இந்த இடைவெளிக்குக் காரணம் இருக்கிறது. இலங்கையில் இதே செடியை ரணவரா என்று காலங்காலமாகத் தேநீராகக் குடிக்கிறார்கள். அங்கேயே 1981-ல் வெளியான ஆய்வு ஒன்று, ஆவாரையில் ஈரலைக் கெடுக்கும் வகை ஆல்கலாய்டு இருப்பதையும் எலிகளின் ஈரலில் பாதிப்பு தெரிந்ததையும் சொன்னது. அவ்வப்போது ஒரு கப் குடிப்பவர் பயந்து ஓட வேண்டியதில்லை. ஆனால் வருஷக்கணக்கில் தினம் மூன்று வேளை குடிப்பதை இந்தக் காரணத்தாலேயே நாங்கள் சொல்ல மாட்டோம்.

சர்க்கரை நோயும் ஆவாரையும்

மதுமேகத்துக்கு ஆவாரை சித்த மருத்துவத்தில் முக்கியமானது. ஆவாரைக் குடிநீர் என்ற மருந்தில் ஆவாரை, கொன்றை, நாவல், கடலழிஞ்சில், கோரைக்கிழங்கு, கோஷ்டம், மருதம்பட்டை என்று ஏழு சரக்கு சேர்கிறது. பெயரைப் பார்த்து வெறும் பூத் தேநீரும் அதுவும் ஒன்று என்று நினைக்க வேண்டாம். கடலழிஞ்சிலே தனியாக, சாப்பாட்டிலுள்ள சர்க்கரை ரத்தத்தில் ஏறும் வேகத்தைக் குறைக்கும் சரக்கு. குடிநீர் வேண்டுமென்றால் அரசு மருத்துவமனையின் சித்தா பிரிவில் கேட்டு, ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைச் சீட்டையும் காட்டி வாங்குவதுதான் முறை.

பூவுக்கு ஆதாரம் உண்டா என்றால், உண்டு, ஆனால் எலியில். அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2002-ல் வெளியிட்ட ஆய்வில், பூச்சாறு கொடுத்த எலிகளுக்கு ரத்தச் சர்க்கரை குறைந்தது. அதில் கொடுத்த அதிகபட்ச அளவு, உடல் எடையில் கிலோவுக்கு அரைக் கிராமுக்குச் சற்றுக் குறைவு. எலிக் கணக்கை மனிதருக்கு அப்படியே பெருக்க முடியாது. இருந்தாலும் இரண்டு கிராம் பூ கொதித்த ஒரு கப் அந்த அளவுக்குப் பக்கத்தில்கூட வராது. அதனால் மெட்பார்மினை நிறுத்திவிட்டுப் பூவை நம்புவது தப்புக் கணக்கு. சர்க்கரை ஏறிக்கொண்டே போவது மூன்று மாதம் கழித்து, சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்.பி.ஏ1சி ரத்தப் பரிசோதனை எடுக்கும்போதுதான் தெரியும். அதற்குள் காலில் புண் வந்தவர்களும் உண்டு.

எதிர்ப்பக்கமும் இருக்கிறது. கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு வகை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர், கெட்டிக் கஷாயமாகக் காய்ச்சி வெறும் வயிற்றில் குடித்துவிட்டு டிபனையும் தள்ளிப்போட்டால் சர்க்கரை தாழ்ந்துபோகலாம். வியர்த்துக் கொட்டும், கை நடுங்கும், படபடப்பு, பேச்சு குழறல். குளுக்கோமீட்டரில் 70-க்குக் கீழே காட்டினால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையை அரை டம்ளர் நீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும்; 108-ஐக் கூப்பிடுங்கள். இந்த மாத்திரைக்காரர்கள் தேநீரைச் சாப்பாடு முடிந்து ஒரு மணி நேரம் கழித்துக் குடிப்பதும், முதல் இரண்டு வாரம் சர்க்கரையை எழுதி வைப்பதும் நல்லது. மருத்துவரிடமும் சொல்லிவிடுங்கள். “வெறும் பூதானே” என்று மறைத்தால், அவர் காரணம் தெரியாமல் மாத்திரை அளவை மாற்றுவார்.

சமையலும் குளியலும்

உணவாகச் சாப்பிடுவதுதான் இருப்பதிலேயே பாதுகாப்பான வழி. கூட்டுக்கு, ஆய்ந்த பச்சை இதழ் ஒரு கப், பாசிப்பருப்பு கால் கப். பருப்பை மஞ்சள் தூளோடு மலர வேகவைத்து, சின்ன வெங்காயம் பத்து, பச்சை மிளகாய் ஒன்று வதக்கிச் சேர்த்து, இதழைக் கடைசியில் போட்டு மூன்று நிமிடம். தேங்காய் சீரகம் அரைத்து விட்டு இறக்குங்கள். இதழை முதலிலேயே போட்டால் கருத்துக் கசக்கும்.

குளியல் பொடிக்கு உலர்ந்த பூ 100 கிராம், பாசிப்பயறு 250, பூலாங்கிழங்கு 50, கஸ்தூரி மஞ்சள் 25. மெஷினில் அரைக்கக் கொடுத்தால், முன்னால் மிளகாய் அரைத்தார்களா என்று கேளுங்கள். கேட்காமல் கொடுத்து முகமெல்லாம் எரிந்தால் பழி பூவின் மேல் விழும். முதல் முறை முழங்கையின் உள்பக்கம் குழைத்துத் தடவி, 24 மணி நேரம் பார்த்துவிட்டுப் பிறகு உடம்புக்குப் போடுங்கள். வெடிப்பும் நீர்வடிவுமாக இருக்கும் கரப்பான் புண் மேல் தேய்க்க வேண்டாம். கண் சிவந்தால் பூவை அரைத்துச் சாறு விடுகிற பழக்கம் சில ஊரில் உண்டு. அரைத்த சாறு எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் கிருமி இல்லாததல்ல, கருவிழியில் புண் வந்தால் பார்வை போகும். கண்ணுக்குள் எதையும் விடாதீர்கள்.

பட்டை வாய் கொப்பளிக்க மட்டும். 10 கிராம் பட்டையை 400 மில்லி நீரில் பாதியாக வற்றவைத்து, ஆறியதும் காலை மாலை கொப்பளித்துத் துப்புங்கள். ஈறில் ரத்தம், வாய்ப்புண் என்றால் இதமாக இருக்கும். பத்து நாளில் ஆறாத புண்ணை, முக்கியமாகப் புகையிலை போடுகிறவர் வாய்ப்புண்ணை, கொப்பளித்தே தள்ளிப்போடக் கூடாது.

யார் தொடக்கூடாது

கர்ப்பிணிகள், பால் கொடுப்பவர்கள், சின்னக் குழந்தைகள், ஈரல் அல்லது சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் தேநீரும் கஷாயமும் குடிக்க வேண்டாம். வலிப்புக்குக் கார்பமசெபின் எடுப்பவர்களும் வேண்டாம்: எலிகளில் பார்த்தபோது ஆவாரைத் தேநீர் அந்த மருந்தின் அளவை ரத்தத்தில் உயர்த்தியது. ஆபரேஷன் தேதி குறித்திருந்தால் இரண்டு வாரம் முன்பே நிறுத்துங்கள்.

குடித்த பிறகு உடம்பில் தடிப்பு, மூச்சு இறுக்கம் வந்தால் உடனே நிறுத்தி ஆஸ்பத்திரிக்கு. சில வாரம் குடித்த பிறகு பசி போய், சிறுநீர் தேயிலை நிறத்தில் போனால், கண் மஞ்சளாகிறதா என்று பாருங்கள். ஈரல் பரிசோதனை அன்றே எடுக்க வேண்டும். குழந்தை ஏதோ காயைத் தின்றுவிட்டு வாந்தி எடுத்தால், உப்புக் கரைசல் கொடுத்து மேலும் வாந்தி எடுக்கவைக்க முயலாமல், தின்ற செடியை இலை, காய், பூவோடு ஒரு கிளையாக ஒடித்து எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். மருத்துவருக்கு “ஆவாரை” என்ற சொல்லைவிட அந்தக் கிளைதான் உதவும்.